மணல் பூசுகிறவள்

பசையை எடுத்தவுடன் தடவக் கூடாது.
முதலில் ஊத வேண்டும்,
கண்ணில் தூசு விழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல,
முறிந்த முகத்தின் செம்பொடி போகும்வரை.
பிறகுதான் பசை.
பிறகு அதே குன்றின் மணலைச் சலித்து
ஈரம் காயுமுன் தூவி
நகத்தால் ஒற்றிவிட்டால்
எங்கே முறிந்தது என்று
ஒட்டிய எனக்கே தெரியாது.

இத்தோ என் பெயர்.
கெம் கெம் சரிவுக்குக் கீழே
அல்ஜீரிய எல்லைக் காவல்மேடு
புள்ளியாகத் தெரிகிற தூரத்தில் வீடு.
கணவன் பாஸ்ஸு தோண்டுவான்.
கொழுந்தன் இஷ்ஷு தோண்டுவான்.
நான் பல் ஒட்டுவேன்.

மேலே வெளுத்த சுண்ணாம்பு, பிற்பாடு வந்த கடல்.
கீழே சிவப்பு, அதற்கு முன் ஓடிய ஆறு.
சிவப்புக்குள் நுழைகிறது துளை.
ஒருக்களித்துப் படுத்தால்தான் சுத்தியலை ஓங்கலாம்.
ஓங்குவது என்ன ஓங்குவது,
ஒரு சாண்.

ஒன்பதரைக் கோடி ஆண்டுக்கு முன்
இங்கே அக்கரை தெரியாத வெள்ளம் என்றாள்
பிரான்சிலிருந்து அளக்க வந்த பெண்.
மௌலூத்தின் வண்டி நீளத்துக்கு மீன்கள்,
அவற்றைத் தின்னக் கரையில் நின்ற
முதுகில் பாய் விரித்த பிராணி.
நான் காலி கேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் லாரி வந்து
அன்றோடு ஆறு நாள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இதற்குச் சொல் முதலில் போயிற்று,
தோல் போயிற்று, வயிறு, வயிற்றின் பசி.
பல் மட்டும் போகவில்லை.
உயிரோடிருந்த நாளெல்லாம்
விழுந்து விழுந்து முளைத்ததாம்,
மீனைக் கவ்வியபடியே, வலியில்லாமல்.
சாவதற்கு முன்பே
பாதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டது.

ஒன்றின் நுனி, வேறொன்றின் அடி.
இரண்டுக்கும் நடுவே நூறு வருடமோ
நூறாயிரமோ, யார் கண்டது?
என் மடியில் சம்பந்தியாகிவிடும்.
மௌலூத் அதை முழுசு என்று சொல்லி
ரிஸ்ஸானியில் விற்பான்.

மார்ச்சில், பெய்யாதது பெய்தது.
பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு ஓடினார்கள்.
நான் எல்லாப் பாத்திரத்தையும் வெளியே வைத்தேன்,
தேக்கரண்டியைக்கூட.
மூன்றாம் நாள் துளை உட்கார்ந்தது.

முதலில் தெரிந்தது இஷ்ஷுவின் பாதங்கள்.
இடது காலில் மட்டும் காலுறை.
கையைப் பிரித்தவர்கள்
உள்ளே இருந்ததை என்னிடம் தந்தார்கள்.
விரல் நீளம். நுனிப் பாதி.
அடிப் பாதி மலையிடம்.

மௌலூத் துக்கத்துக்கு வந்தான்.
நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு இரண்டு வைத்தான்,
தேநீர் மூன்று கோப்பை குடித்தான்,
உண்மையாகவே அழுதான்.
செருப்பு மாட்டக் குனிந்தவன்
நிமிராமலே சொன்னான்:
'அந்த நுனிக்கு நல்ல அடி ஒன்று கிடைத்தால்
நாத்தனாருக்கு ஆறு மாத மாவு.'

பொய் சொல்வானேன்,
அன்றிரவு டப்பாவைத் திறந்தேன்.
நாற்பது அடிப் பற்கள்.
பதினேழாவது பொருந்தியது.
மயிரிழை நுழையாதபடி பொருந்தியது,
ஒரே வாயில் முளைத்ததுபோல.

ஊதினேன்.
இன்னொரு முறை ஊதினேன்.
விளக்கைக் கிட்டே இழுத்து ஊதினேன்.
சிவப்பு போகவில்லை.

நுனி இப்போது மாவுப் பானைக்குள் கிடக்கிறது.
அள்ளும்போது சில நாள் குத்தும்.
இன்னும் கூர்தான்.

பாஸ்ஸு நாலடி தள்ளி வேறு துளை போடுகிறான்.
ராத்திரி முதுகைத் தேய்த்துவிட்டால்
பாயில் மணல் உதிரும்.
கூட்டி அள்ளுகிறேன்,
சலித்து வைக்கிறேன்.
அது இல்லாமல்
எந்த முறிவும் மறையாது.